பன்னிரண்டு டிகிரி

“அப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைங்க,” என்றாள் அவள், படகின் சாமான் அறைக்குள் தலையை விட்டபடி.

எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் டார்ச்சை அணைத்துவிட்டு, முழங்கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்து தலையை வெளியே எடுத்தாள். சுக்கான் அறையின் பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அக்கா. அவள் மடியில் ஒரு தகர பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் அப்பாவின் சாம்பல்.

“எங்க தள்ளி வைக்கிறது?” என்றாள் அத்தை.

“முன்னாடி, படகு மூக்குல. இரும்பு பக்கத்துல இருந்தா மெஷின் குழம்பும் அத்தை.”

ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நின்ற அம்மா திரும்பாமலே சொன்னாள்: “உயிரோட இருந்தப்பவே தள்ளி உட்காருங்கன்னா கேட்டதில்ல.”

முதலில் சிரித்தது மாமாதான், அம்மாவின் தம்பி. சிரிக்கலாமா என்று ஒரு நொடி யோசித்த அத்தையும் சிரித்துவிட்டாள். மடியிலிருந்த டப்பா குலுங்கியது. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “வாங்க அத்தான், உங்களுக்கு ஜன்னல் சீட்டு,” என்று முன்பக்கம் எடுத்துப் போனார்.

ஸ்டீரிங் பக்கத்தில் திசை காட்டும் பெட்டியின் திரையில் எண் மாறவே இல்லை.

ஆட்டோபைலட் என்ற அந்தக் கருவியைப் படகில் பொருத்தியவள் அவள்தான். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை, மாலையில் மின்வேலை வகுப்பு. வகுப்பில் இதுவரை அவள் முழுதாகச் செய்து முடித்தது இரண்டு சுவிட்ச் போர்டும் ஒரு காலிங் பெல்லும். காலிங் பெல் இரண்டாம் நாள் நின்றுவிட்டது. அதனால் ஆட்டோபைலட்டோடு வந்த கையேட்டை மூன்று முறை படித்து, செய்ய வேண்டியதை நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் செய்தாள். சுக்கானைத் திருப்ப ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு மோட்டார். படகின் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்ல, சாமான் அறைக்குள் உள்ளங்கை அளவு ஒரு கரண்ட் காம்பஸ். இரண்டுக்கும் நடுவே திரையும் பொத்தான்களும் உள்ள ஒரு பெட்டி. போக வேண்டிய டிகிரியைப் பெட்டியில் வைத்துவிட்டால், அதை விடாமல் பிடித்துக்கொண்டு படகு தானாகப் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை.

துறைமுக வாயிலிலிருந்து சிவப்பு மிதவைக்கு இருநூற்றுப் பத்து டிகிரி. முப்பது வருடம் அப்பா தீவுக்குச் சாமான் ஏற்றிப் போன வழி அது. தன்னை அந்த மிதவைக்குப் பக்கத்தில் விட்டால் போதும் என்று சொல்லியிருந்தார். இன்று துறைமுகத்தைத் தாண்டியதும் அம்மா பெட்டியில் இருநூற்றுப் பத்து வைத்து, ஸ்டீரிங்கை விட்டாள். படகு மிதவையை விட்டுவிட்டு, நிதானமாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல் இடது பக்கத்து மணல் திட்டை நோக்கிப் போனது. ஸ்டீரிங்குக்கு முன்னால் முப்பது வருடமாக இருக்கும் பழைய காம்பஸ் நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றது. பெட்டி இருநூற்றுப் பத்து என்று சாதித்தது. பன்னிரண்டு டிகிரி வித்தியாசம்.

அம்மா ஸ்டீரிங்கைத் திரும்பப் பிடித்து, மிதவையைப் பார்த்துப் படகைத் திருப்பினாள். வலது தோள் லேசாக மேலே ஏறியது. வலிக்கும்போது அப்படித்தான் ஏறும்.

கரையில் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். படகை வாங்க நாளைக் காலை ஒருவர் வருகிறார். பேசி வைத்தது மாமா. அவரைக் குறை சொல்ல முடியாது. தீவுக்குப் போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம் ஸ்டீரிங் பிடித்தால் மறுநாள் அம்மாவால் தலை வார முடிவதில்லை. எஞ்சின் மெக்கானிக்கான மாமாவே இரண்டு முறை வேலையை விட்டுவிட்டு வந்து ஓட்டிக் கொடுத்திருக்கிறார்.

“இன்னைக்கு இது நேரா போச்சுன்னா படகு நம்மகிட்டயே இருக்கட்டும்,” என்றிருந்தாள் அம்மா. “இல்லன்னா குடுத்துடலாம். அவ்வளவுதான் பேச்சு.”

படகு இல்லாத அம்மாவை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மாவும் நினைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அம்மா சொன்னால் செய்துவிடுவாள்.

“அம்மா, மெதுவாவே போ. பழைய காம்பஸ்ல இருநூத்திப் பத்து பிடிச்சுக்கோ. நான் ஒண்ணொண்ணா எடுத்துப் பார்க்கிறேன்.”

“எதை?”

“இரும்பை.”

அத்தையின் டிபன் பாக்ஸை எடுத்து முன்னால் வைத்தாள். மாமாவின் டூல் பாக்ஸை எடுத்துப் போனாள். தன் டார்ச்சையும் வைத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்து நோட்டில் எழுதினாள். படகு மிதவையை நேராகப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பெட்டி மட்டும் இருநூற்று இருபத்திரண்டு, இருநூற்று இருபத்திரண்டு என்று ஒரே பாட்டைப் பாடியது.

“என் மூக்குத்தியைக் கழட்டணுமா?” என்றாள் அத்தை.

“அது தங்கம், ஒண்ணும் பண்ணாது அத்தை.”

“தங்கம்னு நம்பித்தான் போட்டிருக்கேன். வாங்கிக் குடுத்தது உங்கப்பன்.”

மாமா கதவில் சாய்ந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தார். “விடும்மா. இன்னைக்கு நாம வந்த வேலை வேற. நான் ஓட்டுறேன், நீ உட்காரு.”

அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் சங்கடமாக இருந்தது. காலிங் பெல் நின்றபோது வகுப்பு வாத்தியாரும் இப்படித்தான் விடும்மா என்றார். அவள் நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். போன ஞாயிற்றுக்கிழமை சரியாகப் போனது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்று பார்த்தால் போதும். அது கடினமான கேள்வி இல்லை. மாறியது என்ன என்று படகிலிருந்த நான்கு பேருக்கும் தெரியும். ஆனால் அதற்கும் காம்பஸுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைச் சக்கர நாற்காலியோடு மாமாவும் அவளும்தான் தூக்கி ஏற்றினார்கள். இரண்டு வருடமாக அவருக்கு இடுப்புக்குக் கீழே வேலை செய்யவில்லை. கால் போனதுமே ஸ்டீரிங் அம்மாவிடம் வந்துவிட்டது. சுக்கான் அறையில் பின்பக்கத் தடுப்புப் பலகையை ஒட்டி நாற்காலியை நிறுத்தி, அங்கிருந்து வாயாலேயே படகை ஓட்டினார் அப்பா. “கொஞ்சம் வலது. வலதுன்னேன், கொஞ்சம்னும் சொன்னேன்.” அம்மா திரும்பிப் பார்க்காமல், “கீழ இறங்கி நடந்து வரீங்களா?” என்பாள். அதற்கும் அவர்தான் முதலில் சிரிப்பார்.

ஆட்டோபைலட் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அப்பா. அம்மாவின் தோளுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளிடம் மட்டும் வேறு சொன்னார். “ரெண்டு வருஷமா உங்கம்மா முதுகையே பார்த்துட்டு இருக்கேன். நல்ல முதுகுதான், குறை சொல்லல. ஆனா அந்தப் பக்கம் ஒரு மூஞ்சி இருந்துச்சே.”

கருவியைப் பொருத்தினால் மட்டும் போதாது. படகை அமைதியான தண்ணீரில் மெதுவாக இரண்டு முழு வட்டம் ஓட்ட வேண்டும். படகிலுள்ள இரும்பெல்லாம் சேர்ந்து காம்பஸை எவ்வளவு இழுக்கிறது என்று பெட்டி அப்போது பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு எப்போதும் அதைக் கழித்துவிட்டுத் திசை சொல்லும். ஆட்கள் இறங்கிக்கொண்டால் நல்லது என்று அவள் சொன்னாள். அப்பா இறங்கவில்லை. “என் படகு வட்டமடிக்கும்போது நான் கரையில உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணுமா?”

வட்டம் பாதி முடிந்தபோது ஒரு மீன் படகு பக்கத்தில் வந்தது. அதில் இருந்தவர் கையை வாயில் குவித்து, “என்னாச்சு, ஸ்டீரிங் மாட்டிக்கிச்சா?” என்று கேட்டார்.

“இல்லப்பா,” என்று அப்பா கத்தினார். “கரையை எங்கயோ வச்சுட்டோம். தேடுறோம்.”

வட்டம் முடிந்து, இரும்பின் இழுப்பு பதினான்கு டிகிரி என்று திரை காட்டியது. பதினைந்துக்குள் இருந்தால் சரி என்றது கையேடு. அவளுக்கு அது பிடிக்கவில்லை. “பதினாலு ஜாஸ்திப்பா. எங்கயோ பக்கத்துல இரும்பு இருக்கு.”

“பாஸ் மார்க்குதானே? பாஸ்னா பாஸ். வண்டியை எடு.”

அம்மா இருநூற்றுப் பத்து வைத்தாள். கையை எடுத்தாள். ஸ்டீரிங் தானாக ஒரு விரல் அளவு திரும்பி, நின்று, திரும்ப வந்தது. மிதவை படகின் மூக்குக்கு நேராக, ஆணி அடித்த மாதிரி நின்றது. அம்மா கொஞ்ச நேரம் நம்பாமல் கைகளை ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். பிறகு ஒரு காலிப் பழப்பெட்டியை இழுத்துப் போட்டு, திரும்பி, அப்பாவின் முழங்கால்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். படகு ஓடும்போது அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். அப்பா அம்மாவின் தோளுக்கு மேலாக ஸ்டீரிங்கைப் பார்த்து, “பாரு, என்னை மாதிரியே ஓட்டுறான். பேசத்தான் மாட்டேங்கிறான்,” என்றார்.

“அதான் நல்லா ஓட்டுது,” என்றாள் அம்மா, அவருக்கு முட்டை உரித்துக்கொண்டே.

வியாழக்கிழமை மதியம் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

நோட்டில் அன்றைய பக்கம் அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஒன்பது: அப்பா ஏறியாச்சு, நாற்காலிக்கு பிரேக் போட்டாச்சு. பத்து: வட்டம்.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். ரப்பர் விரிப்பில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. இரண்டு வருடம் ஒரே இடத்தில் நின்ற சக்கரங்கள் பதிந்த பள்ளம். அதற்குப் பின்னால் தடுப்புப் பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் சாமான் அறை. காம்பஸைப் பொருத்தும் முன் அவள் சாமான் அறைக்குள் டேப் பிடித்து, சுற்றிலும் ஒரு மீட்டருக்கு இரும்பு இல்லை என்று அளந்திருந்தாள். எஞ்சின், நங்கூரச் சங்கிலி, ரேடியோவின் ஸ்பீக்கர், எல்லாம் நோட்டில் தூரத்தோடு இருந்தன. பலகைக்கு இந்தப் பக்கம் அவள் அளக்கவில்லை. இந்தப் பக்கம் இருந்தது அப்பா. அவரை இரும்புக் கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

டேப்பை எடுத்துப் பலகையிலிருந்து பள்ளம் வரை அளந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் காம்பஸ் இருக்கும் தூரத்தைக் கூட்டினாள். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். இன்னொரு தடவை அளந்தாள். முப்பத்தெட்டுதான்.

“மாமா, அந்த நாற்காலி எங்க?”

“ஆஸ்பத்திரியில குடுத்தாச்சே. இரவல்தானே அது. வெள்ளிக்கிழமையே கொண்டுபோயிட்டேன்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லாத் துடைச்சுத்தான் குடுத்தேன்,” என்றார்.

சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கருவியை இன்னொரு முறை சரி செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். இவர்களில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நாளையிலிருந்து அம்மா நடுக்கடலில் தனியாக நம்ப வேண்டிய பொருள் இது.

“நான் தப்பு பண்ணிட்டேன்,” என்றாள். “உங்க டூல் பாக்ஸைக் கொண்டு வாங்க மாமா. இந்த ரெண்டு பள்ளத்துக்கு நடுவுல வைங்க.”

மாமா கொண்டுவந்து வைத்தார். பெட்டியின் எண் நகர்ந்தது. இருநூற்று இருபத்திரண்டு, இருபது, பத்தொன்பது. இருநூற்றுப் பதினேழில் வந்து நின்றது.

அவள் விளக்கினாள். விளக்கும்போது குரல் வகுப்பில் பதில் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது அவளுக்கே கேட்டது. “வட்டம் போட்டப்ப நாற்காலி இங்க இருந்துச்சு. அதோட இழுப்பையும் சேர்த்துக் கழிக்கச் சொல்லி நான் மெஷினுக்குக் கத்துக் குடுத்துட்டேன். அது இன்னும் கழிச்சுட்டு இருக்கு. மெஷின் சரியாத்தான் இருக்கு. அப்பா அங்கயே இருக்காருன்னு நினைச்சுட்டு ஒதுங்கிப் போகுது.”

அத்தை எட்டி அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

“மரியாதை தெரிஞ்ச பொட்டி,” என்றாள் அத்தை.

மாமா டூல் பாக்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “அத்தானுக்கு ஈடா இதுல அஞ்சு டிகிரிதான் வருது. மிச்ச ஏழுக்கு நான் எங்க போவேன்? கரைக்குப் போயி அந்த நாற்காலியையே கேட்டு வாங்கிட்டு வந்துடவா?”

“வாங்கிட்டு வந்து?” அம்மா கேட்டாள். “காலியா கட்டி வச்சுட்டு ஓட்டவா? யாராவது உட்காரணும்னு வந்தா என்ன சொல்றது, ஆள் வருதுன்னா?” அவள் மிதவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வேற வழி என்னன்னு அவளைக் கேளு.”

“திரும்ப வட்டம் போடணும். பழசை அழிச்சுட்டு.”

“அழி.”

அவள் பொத்தானை அழுத்தினாள். பழைய பதிவை அழிக்கலாமா என்று திரை கேட்டது. அவள் கட்டைவிரல் அடுத்த பொத்தானின் மேல் நின்றது. தண்ணீர் படகின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு வட்டமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. வேறெங்கும் இல்லை.

“எவ்வளவு நேரம் அதையே பார்த்துட்டு நிப்ப?” அம்மாவின் குரல் மெதுவாகத்தான் இருந்தது. “அழுத்துடி.”

அழுத்தினாள். எண் இருந்த இடத்தில் மூன்று கோடுகள் மட்டும் நின்றன.

டூல் பாக்ஸும் மாமாவும் முன்பக்கம் போனார்கள். டப்பாவை மாமா மடியில் வைத்துக்கொண்டார். அம்மா ஸ்டீரிங்கை இடது பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “ஒரு வட்டத்துக்கு ரெண்டு நிமிஷத்துக்குக் குறையக் கூடாதும்மா. இன்னும் மெதுவா,” என்றாள். கரை மெல்ல நகர்ந்து போனது. மணல் திட்டு வந்தது, மிதவை வந்தது, திரும்பக் கரை வந்தது. அத்தை கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“தலை சுத்துதா அத்தை?”

“சின்ன வயசுல சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன்னு உங்கப்பன் என்னை ஏத்திக்கிட்டான். தெருவையே எட்டுத் தடவை சுத்திட்டு இறக்கிவிட்டான். இன்னும் புத்தி மாறல.”

இரண்டாவது வட்டத்தின் நடுவில் வெயிலில் ஒரு மீன் படகு வந்தது. அதே படகா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவர் எழுந்து நின்று கையைக் குவித்தார். “என்ன, ஸ்டீரிங் மாட்டிக்கிச்சா?”

மாமா டப்பாவைப் பிடித்தபடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“இல்லப்பா, கரையை எங்கயோ வச்சுட்டோம். தேடுறோம்.”

மீன் படகில் சிரிப்பு எழுந்தது. ஒருவர், “கிடைச்சா எங்களுக்கும் சொல்லுங்க,” என்று கத்தினார். அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, சிரித்த வாயை மூடாமலே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் கோடுகள் போய் எண் வந்தது. மூன்று.

அவள் அதை நோட்டில் எழுதினாள். எழுதியது சரியா என்று திரையை மறுபடி பார்த்தாள். பழைய காம்பஸையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தாள். “வைம்மா,” என்றாள்.

அம்மா இருநூற்றுப் பத்து வைத்துக் கைகளை எடுத்தாள். படகு கொஞ்சம் இடது பக்கம் யோசித்தது. பிறகு மூக்கைத் திருப்பி, மிதவையைக் கண்டுபிடித்து, அதை விடவே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தார்கள். பத்து நிமிடம் ஆனபோது அத்தை டிபன் பாக்ஸைக் கேட்டாள்.

மிதவைக்குப் பக்கத்தில் மாமா எஞ்சினை நிறுத்தினார். மிதவை சின்ன அலைகளில் தலையாட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. இவர்களைப் பார்த்தும் அது எழுந்து போகவில்லை. “காத்தைப் பார்த்து, காத்தைப் பார்த்து,” என்றாள் அத்தை. அம்மா காற்றைப் பார்த்து, குனிந்து, டப்பாவைத் தண்ணீருக்குப் பக்கத்தில் சாய்த்தாள். சாம்பல் கொஞ்ச தூரம் மேலாக மிதந்து போய், பிறகு தண்ணீரின் நிறமாகிவிட்டது. அம்மா டப்பாவைக் கடல் தண்ணீரிலேயே இரண்டு முறை அலசினாள்.

“கழுவிட்டேன் அண்ணி,” என்று நீட்டினாள்.

“மூடி?”

“இருக்கு.”

அத்தை டப்பாவை வாங்கி, மூடியைப் பொருத்தி, முந்தானையால் ஈரத்தை நீண்ட நேரம் துடைத்தாள்.

திரும்பும் வழி முப்பது டிகிரி. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். “அக்கா, நாளைக்குக் காலையில அவரு ஒன்பது மணிக்கு வரேன்னாரு.”

“வர வேணாம்னு சொல்லிடு.” அம்மா பெட்டிக்கு முன்னால் நின்று, எண்ணைத் தானே மாற்றினாள். “செவ்வாய்க்கிழமை தீவுக்குச் சாமான் போகணும். நான் எப்ப அவருகிட்ட பேசுறது?”

“தனியாவா போவ?”

“தனியா எங்க?” என்று அம்மா மோவாயால் ஸ்டீரிங்கைக் காட்டினாள்.

மாமா தேநீர் ஊற்ற ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். போகும்போது அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அவள் நோட்டைத் திறந்து, தட்டியதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் மூடினாள்.

அம்மா ஸ்டீரிங்கிலிருந்து கைகளை எடுத்தாள். வலது தோள் கீழே இறங்கியது. மூலையில் கிடந்த பழப்பெட்டியை இழுத்து, போன வாரம் போட்ட அதே இடத்தில் போட்டாள். கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. காலால் தள்ளிச் சரி செய்தாள். திரும்பி, ஸ்டீரிங்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்டீரிங் ஒரு விரல் அளவு திரும்பி, நின்று, திரும்ப வந்தது. கரை நேர் முன்னால் இருந்தது. அம்மா ஒரு முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

மாமா இரண்டு கோப்பைத் தேநீரோடு உள்ளே வந்தார். அம்மாவுக்கு எதிரே வெறும் தரைதான் இருந்தது, ரப்பர் விரிப்பும் இரண்டு பள்ளங்களும். அவர் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போய், பக்கவாட்டிலிருந்து கோப்பையை நீட்டினார்.